வியர்வையும் இருதயமும்

(நாக்பூரில் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)



74 வயதிலும் தினம் 6 கிலோமீட்டர் நடக்கிறேன், வாரம் இரண்டு நாள் ஷட்டில் ஆடுகிறேன் என்று பெருமையடித்துக் கொள்பவன் நான். அந்தப் பெருமைதான் என்னைக் கீழே தள்ளியது.

சென்ற வருஷம் பெங்களூரில் என் பெண் வீட்டில் தங்கியிருந்தபோது, அவள் போகும் 'ஹாட் யோகா' வகுப்புக்கு நானும் கிளம்பினேன். அன்று ஏகாதசி, முழு உபவாசம். காலை நடையும் முடிந்திருந்தது. பி.பி.க்காக டாக்டர் கொடுத்த, நீர் பிரியச் செய்யும் மாத்திரையை ஒரு வாய் ஜலத்தோடு போட்டுக்கொண்டேன். முக்கால் மணி நேரம் தாக்குப் பிடித்தேன். குனிந்து நிமிர்ந்தபோது கண் இருட்டியது. விழுந்துவிட்டேன். பி.பி. மிகவும் இறங்கியிருந்தது. ஈ.சி.ஜி.யில் கோளாறு இல்லாதது பகவான் கிருபை.

கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970-களில் அமெரிக்காவில் பரப்பிய முறை இது. சுமார் 40 டிகிரி செல்சியஸ் உஷ்ணம், 40 சதவிகித ஈரப்பதம் உள்ள அறையில், மூச்சுப் பயிற்சி உட்பட 26 நிலைகளை 90 நிமிஷம் செய்ய வேண்டும்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். விழுந்து எழுந்த பிறகுதான் படித்தது ஞாபகம் வந்தது! நம் வீட்டு ஏர்கூலரையே பாருங்கள். மே மாத வறண்ட காற்றில் ஜில்லென்று இருக்கும். ஜூலை மழையில் அதே கூலர் உதவாது. தண்ணீர் ஆவியானால்தான் குளிர்ச்சி. நம் வியர்வையும் அப்படித்தான். ஈரமான அறையில் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. உடம்பின் நீர் குறைவதுதான் மிச்சம்.

இருதயத்தின் கஷ்டத்தைக் கேளுங்கள். சாதாரணமாகத் தோலுக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவான ரத்தமே போகிறது. கடும் உஷ்ணத்தில் இது 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். அதே சமயம் தசைகளும் ரத்தம் கேட்கின்றன. வியர்வையால் ரத்தத்தின் அளவோ குறைகிறது. நாடி வேகமாக அடிப்பதைப் பார்த்து 'நல்ல பயிற்சி' என்று மகிழ்கிறோம். அதில் ஒரு பங்கு வெறும் உஷ்ணத்தைச் சமாளிக்கும் உழைப்பு.

அப்படியானால் பலனே இல்லையா? உண்டு. 2018-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிக உடலுழைப்பு இல்லாத 40 முதல் 60 வயதுக்காரர்கள் 12 வாரம் இந்த ஆசனங்களைச் செய்தார்கள். ஒரு பிரிவினர் சுடவைத்த அறையிலும், இன்னொரு பிரிவினர் சாதாரண அறையிலும் செய்தார்கள். ரத்தக் குழாய் விரிந்து கொடுக்கும் தன்மை இரு பிரிவினருக்குமே மேம்பட்டது. ஆசனம்தான் பலன் தந்தது. அதற்கு உஷ்ணம் தேவைப்படவில்லை.

நம்மில் சுறுசுறுப்பானவர்களுக்கு ஆபத்து வேறு விதம். தலை சுற்றினாலும் 'இதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை' என்று தொடர்வோம். வெயிலில் நடந்து, ஆடிவிட்டு வந்த உடம்பில் ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும் என்பதை மறந்துவிடுவோம்.

ஆகவே என் வேண்டுகோள்: பி.பி., இருதய மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவேண்டாம். உபவாச நாளிலும், கடும் பயிற்சி செய்த நாளிலும் வேண்டவே வேண்டாம். ஆசை விடாத இளைஞர்கள் முதலில் சிறிது நேரம் மட்டும் செய்து, ஓரிரு வாரத்தில் உடம்பைப் பழக்குங்கள். தலைசுற்றல், குமட்டல், மார்பில் அழுத்தம் வந்தால் உடனே வெளியே வாருங்கள். அதில் வெட்கம் இல்லை.

நான் இப்போதும் ஆசனம் செய்கிறேன், காலையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. வியர்ப்பது குறைவுதான். என் பெண்ணுக்கு நிம்மதி அதிகம்.