இரசத்தில் கலக்கும் ஒரு துளி



உடம்புக்கு நோய் வந்தால் நாம் தயங்காமல் பங்குத்தந்தையிடம் பெயரை எழுதிக் கொடுத்துத் திருப்பலியில் செபிக்கச் சொல்கிறோம். சர்க்கரை நோய், இதய அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு, எல்லாவற்றுக்கும் திருப்பலிக் கருத்து வருகிறது. ஆனால் வீட்டில் ஒருவர் மனம் உடைந்து, மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அந்தப் பெயர் மட்டும் தாளில் ஏறுவதில்லை. 'குடும்பச் சமாதானத்திற்காக' என்று பொதுவாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் படம் நம்மில் பலருடைய வீட்டில் இருக்கிறது. கையில் சிலுவை, அதைச் சுற்றி ரோஜா மலர்கள். அந்தப் புனிதையின் தந்தை லூயி மார்ட்டினைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பிரான்சு நாட்டில் கடிகாரத் தொழில் செய்தவர். ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தவர். 1877இல் மனைவி ஸெலியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, ஐந்து பெண்பிள்ளைகளோடு லிசியே நகரில் குடியேறினார். மூத்தவர்கள் இருவர் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்கள். 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், பதினைந்து வயதுச் செல்ல மகள் தெரேசாவும் அதே மடத்தில் சேர்ந்தார்.

அதே ஆண்டு மே மாதம், தாம் முன்பு வாழ்ந்த அலன்சோன் ஊரின் கோவிலில் லூயி செபித்துக்கொண்டிருந்தார். தம் வாழ்வில் ஆறுதல்கள் நிறைந்திருப்பதை எண்ணி, ஆண்டவருக்காக ஏதேனும் துன்புற வேண்டும் என்று தம்மையே ஒப்புக்கொடுத்தார். அடுத்த மாதமே ஒருநாள் அவரை வீட்டில் காணவில்லை. நான்கு நாள் தேடியபின், லெ ஹாவ்ர் துறைமுக நகரில் கண்டுபிடித்தார்கள். மூளையின் இரத்தக் குழாய்களைத் தாக்கிய நோய் அவருடைய நினைவையும் அறிவையும் குலைத்துக்கொண்டிருந்தது. 1889 சனவரி 10ஆம் நாள் தெரேசா துறவு உடை பெற்றபோது மகளின் கையைப் பிடித்து அழைத்து வந்த தந்தை, பிப்ரவரி 12ஆம் நாள் கான் நகரின் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக மடத்துக்குப் போனதால்தான், அதிலும் கடைக்குட்டி போனதால்தான், அப்பாவுக்குப் புத்தி பேதலித்தது என்று பேசினார்கள். அந்தப் பேச்சு மடத்தின் உள்ளேயும் வந்து சேர்ந்தது. பதினாறு வயதுப் பெண் அதைக் கேட்டுக்கொண்டு, அன்றாட வேலையையும் செபத்தையும் செய்ய வேண்டியிருந்தது.

நேயர்களே, இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். லூயி கேட்டார், ஆண்டவர் உடனே நோயை அனுப்பினார் என்று இதைப் புரிந்துகொண்டால், நம் வானகத் தந்தையைக் கந்துவட்டிக்காரராக ஆக்கிவிடுவோம். நோய் நோயாகவே வந்தது. முதுமையும் இரத்தக் குழாயும் சம்பந்தப்பட்டது. அது வருமுன்னே தம்மை ஆண்டவரின் கையில் கொடுத்திருந்த மனிதரிடம் அது வந்தது. அறிவு தெளிந்திருந்த வேளைகளில் அவர் அந்தக் கையை விட்டு விலகவில்லை. தாம் கட்டளையிட்டே பழகியவர், இப்போது கீழ்ப்படிய வேண்டியிருக்கிறது, வாழ்வில் தாழ்வுபடாத தமக்கு இது தேவைதான் என்ற பொருளில் மருத்துவரிடம் சொன்னார் என்று அவருடைய குடும்பத்தார் நினைவுகூர்ந்தார்கள்.

அது அவர் சொன்னது. அதை அவர்தான் சொல்லலாம். அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயிடம் போய், "அழாதே, ஆண்டவருக்கு ஒப்புக்கொடு" என்று நாம் சொல்வது வேறு. அடுத்தவருடைய வேதனையை நாம் காணிக்கையாக்க முடியாது. அருள்பணியாளர்களாகிய நாங்களும் இதில் தவறியிருக்கிறோம். மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவரிடம், விசுவாசம் குறைவு என்றும் இன்னொரு நவநாள் செய்யுங்கள் என்றும் சொல்லியிருக்கிறோம். லூயியின் பிள்ளைகள் செபமும் செய்தார்கள், மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். மகள்கள் லியோனியும் செலினும் அந்த ஊரிலேயே சில மாதங்கள் தங்கினார்கள். வாரம் ஒருமுறைதான் அப்பாவைப் பார்க்க அனுமதி கிடைத்தது.

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் இப்படித்தான் இருந்தார். உயிர் போகுமளவு தம் உள்ளம் துயருறுகிறது என்று மறைக்காமல் சொன்னதாக மாற்கு 14ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். கூக்குரலோடும் கண்ணீரோடும் அவர் வேண்டினார் என்று எபிரேயர் திருமுகம் கூறுகிறது. துன்பக்கிண்ணம் அகல வேண்டும் என்றும் கேட்டார். அவ்வளவும் கேட்ட பிறகே தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார். தம் நண்பர்கள் மூவரிடம் அவர் வேண்டியது ஆறுதல் வார்த்தைகூட இல்லை. கூட விழித்திருக்கச் சொன்னார். அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

திருப்பலியில் காணிக்கை நேரத்தில் நாம் பெரும்பாலும் சட்டைப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருப்போம். பீடத்தில் அப்போது அருள்பணியாளர் திராட்சை இரசத்தில் ஒரு துளி தண்ணீர் ஊற்றுகிறார். 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்பிரியான் இதற்குப் பொருள் சொன்னார்: இரசம் கிறிஸ்துவின் இரத்தம், தண்ணீர் அவருடைய மக்கள், கலந்தபின் பிரித்தெடுக்க முடியாது. அந்தத் துளி தெளிந்த மனத்திலிருந்து வந்ததா, குழம்பிய மனத்திலிருந்து வந்ததா என்று கிண்ணம் கேட்பதில்லை. செபிக்க வார்த்தையே வராத நாளில், வந்து உட்கார்ந்திருப்பவரின் மௌனமும் அதில் சேருகிறது. வர முடியாமல் படுத்திருப்பவருடையதும், நாம் சுமந்து வந்தால், சேருகிறது.

லூயி 1892 மே மாதம் வீடு திரும்பினார். மடத்துக்குக் கடைசியாக ஒருமுறை அழைத்து வந்தார்கள். விடைபெறும்போது அவரால் அதிகம் பேச முடியவில்லை; கண்ணீரோடு விரலை மேலே காட்டினார். 1894 சூலை 29இல் இறந்தார். ஊர் ஏளனமாகப் பேசிய அந்த மனிதரையும் அவர் மனைவியையும் 2015 அக்டோபர் 18இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். தம்பதியராக ஒன்றாகப் புனிதர் நிலை பெற்றவர்களில் அவர்களே முதல்வர். சூலை 12 அவர்களுடைய நினைவு நாள்.

வரும் ஞாயிறு, தண்ணீர் கலக்கும் அந்த நேரத்தில், இதுவரை தாளில் எழுதாத ஒரு பெயரை மனத்தில் சொல்வோம். திருப்பலி முடிந்து அந்த வீட்டுக்குப் போவோம். அறிவுரை எதுவும் கொண்டுபோக வேண்டாம். மாத்திரை வாங்க வேண்டியிருந்தால் வாங்கிக் கொடுப்போம். மருத்துவரிடம் துணைக்கு ஆள் இல்லை என்றால் கூடப் போவோம். வாரத்தில் ஒரு நாள்தான் முடியும் என்றாலும் போவோம். லியோனிக்கும் செலினுக்கும் அந்த ஒரு நாள்தான் கிடைத்தது.