செருப்பு எங்கே இருந்தது?



"மனிதனை நடத்துவது எண்ணமா, சூழலா?" எனக்கு முன்னே பேசிய எதிரணி அம்மா, "எண்ணம் உறுதியா இருந்தா போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும்"னு சொன்னாங்க. அம்மா, எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம். தினமும் அரைமணி நேரம் நடக்கணும்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே எண்ணம் வந்துடுச்சு. அஞ்சு வருஷமா அது உறுதியாவே இருந்தது. நான்தான் நடக்கலை! (சிரிப்பு)

போன வருஷம் கால் விரலில் ஒரு புண். ஆற மூணு மாசம் ஆச்சு. "விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்"னார் டாக்டர். பயந்தேன். அப்பவும் நடக்கலை.

பயம் மட்டும் போதாதுங்க. 1965-ல் ஹோவர்ட் லெவந்தாலும் நண்பர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். யேல் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களுக்கு ரண ஜன்னி பற்றிய கையேடு கொடுத்தார்கள். படித்தவர்களுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் எண்ணம் வந்தது. போய்ப் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு மூணு பேர். இன்னொரு பகுதியினருக்குக் கையேட்டோடு, மருத்துவ நிலையத்தை வட்டமிட்ட வரைபடமும் கொடுத்து, "எந்த நேரத்தில் போவாய்?" என்று யோசிக்கச் சொன்னார்கள். 28 சதவீதம் பேர் போனார்கள்! இறுதியாண்டு மாணவனுக்கு அந்த இடம் தெரியாதா? தெரியும். எண்ணத்துக்குத்தான் வழி தெரியலை. (கைதட்டல்)

சரி, அந்த எண்ணமாவது எப்படிப் பிறக்குது? உளவியல் அறிஞர் ஐசெக் அய்சன் 1991-ல் மூன்று காரணம் எழுதினார். ஒன்று, 'இது நல்லது' என்ற நம்பிக்கை. இரண்டு, வேண்டியவர்கள் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது. மூன்று, 'என்னால் முடியும்' என்ற தெம்பு. இரண்டாவது வீட்டிலிருந்து வருது. மூணாவது? தெருவிளக்கு எரிஞ்சா வரும், நாய் துரத்தாம இருந்தா வரும்! (சிரிப்பு)

புண் ஆறினதும் என் மனைவி ரெண்டே கேள்வி கேட்டாங்க. "எப்போ நடப்பீங்க? எதுவரைக்கும்?" "காபி குடிச்சதும், பிள்ளையார் கோயில் வரைக்கும்"னேன். மறுநாள் காபி டம்ளர் பக்கத்து மேஜையில். செருப்பு என் காலடியில். அன்னைக்கு நடந்தேன். இன்னைக்கும் நடந்துட்டுத்தான் வந்திருக்கேன்.

பெற்றோர்களே, "படிக்கணும்ங்கற எண்ணமே இல்லை"ன்னு பிள்ளையைத் திட்டாதீங்க. "எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் உட்காரப் போறே?"ன்னு கேளுங்க. அந்த நேரத்தில் டி.வி.யை நிறுத்துங்க. எங்க நிகழ்ச்சி ஓடினாலும் சரி! (பலத்த கைதட்டல்)

எண்ணம் நம்மிடம் இருக்கு. அதை நடக்க வைப்பது சூழலே என்று கூறி அமர்கிறேன்.