எலுமிச்சையின் மணம்

தொலைக்காட்சித் தொடருக்கென்று எழுதப்படும் பாட்டு, பெரும்பாலும் கதையின் வாயிலிற் கட்டிய தோரணமாகவே நின்றுவிடும். 2018-ஆம் ஆண்டு ஜப்பானில் தனி இசைத்தட்டாக வெளிவந்த ‘லெமன்’ என்னும் பாட்டை அவ்வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

‘அன்னேச்சுரல்’ என்ற அத்தொடர், ஐயத்துக்குரிய சாவுகளின் காரணத்தைப் பிணப் பரிசோதனையால் துலக்கும் மருத்துவர்களின் கதை. புண்பட்ட நெஞ்சங்களை மெல்ல அணைக்கும் பாட்டொன்று வேண்டுமென்று தொடரை உருவாக்கியோர் கேட்டனர். யோனெசு கென்ஷி என்னும் இளங்கவிஞர் அதனை இயற்றிக்கொண்டிருக்கையில் அவருடைய பாட்டனார் காலமானார். பிறரைத் தேற்ற எடுத்த பாட்டு, இறந்தவரை எண்ணி இரங்குவதொன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதாயிற்று. எலுமிச்சையின் கசந்த மணம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை என்கிறது அது.

பாட்டு எழும் இடத்தையும் நோக்குங்கள். கதை முடிந்தபின் அன்று. உண்மை வெளிப்பட்டு உற்றார் திகைத்து நிற்கையிலேயே, உரையாடலின் ஊடே ஒலிக்கிறது. சாவின் காரணத்தை மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குமேல் அவரிடம் சொல் இல்லை. அவ்விடத்தைப் பாட்டு ஏற்றுக்கொள்கிறது.

அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள், என்.எச்.கே. நிலையத்தின் ஆண்டிறுதி இசைவிழாவுக்காக, தாம் பிறந்த தோகுஷிமாவின் கலைக்கூடமொன்றில், மெழுகுவத்திகளின் நடுவே நின்று யோனெசு இதனைப் பாடினார்.