அலமாரியில் கிடக்கும் கடப்பிதழ்

('அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசம்' எனும் தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் ஜெபத்தைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருப்பது நம் வீட்டுச் சமையலறையும் அதன் பின்னால் இருக்கும் சின்ன அறையும். நான் அங்கே போகலாம் என்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். ஃபாத்திமா அன்னை ஆலயத்தில் பூசை, சீயோன் லுத்தரன் தேவாலயத்தில் ஆராதனை, கார் நிறுத்த இடம் கிடைக்காது. கிள்ளானிலும் அதே கதைதான். 1928இல் கட்டிய லூர்து அன்னை ஆலயம் இன்றும் நிரம்பி வழிகிறது. வெளியே வந்தால் தெங்கு கிளானா சாலையில் வாழை இலைச் சாப்பாடு. பசியோடு உட்காருகிறோம். இலை போட்டுச் சோறு பரிமாறுகிற பையன் ராமநாதபுரத்துக்காரனாக இருப்பான், அல்லது வங்காளதேசத்துக்காரன். அவனுக்கு எப்போது ஓய்வு என்று நாம் கேட்பதில்லை. கடைக்காரர் நம் சபைக்காரராகவே இருந்தாலும் கேட்பதில்லை. அது அவருடைய வியாபாரம் என்கிறோம்.

சரி, கடையை விடுங்கள். நம் வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருக்கிறாளே, அந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா? அவளுடைய கடப்பிதழ் யாருடைய அலமாரியில் இருக்கிறது?

சிலருக்கு முகம் மாறும், தெரியும். "இதற்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்? இது குடிநுழைவுத் துறை விவகாரம்" என்பார்கள். வேதம் அப்படிப் பிரித்துப் பேசவில்லை. கூலியாளின் சம்பளத்தை ஓர் இரவுகூடப் பிடித்து வைக்காதே என்று கட்டளையிடுகிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். பிடித்து வைத்த கூலியே கடவுளின் காதில் முறையிடும் என்று எச்சரிக்கிறது யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரம். சகேயு மனம் திரும்பியபோது என்ன செய்தான்? கணக்குப் புத்தகத்தை எடுத்தான். பாதியை ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திரும்ப என்றான். லூக்கா 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள், தொகையோடு இருக்கிறது.

இதை வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். ஐரின் பெர்னாண்டஸ். 1946இல் சுங்கைப் பட்டாணியில் பிறந்த கத்தோலிக்கப் பெண். ஆசிரியை வேலையில் இருந்தவர், இளம் வயதிலேயே அதை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் போனார். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டார். அந்த இயக்கத்தைத் தொடங்கியவர் பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் ஜோசப் கார்டைன். அவர் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்றே படிகள்: பார், சீர்தூக்கிப் பார், செயல்படு. 1961இல் திருத்தந்தை 23ஆம் ஜான் தம் சுற்றுமடலில் இந்த முறையை எல்லாக் கத்தோலிக்கருக்குமே பரிந்துரைத்தார்.

நாம் என்ன செய்கிறோம் என்றால், முதல் படியைத் தாண்டிவிட்டு நேரே மூன்றாவதுக்குப் போகிறோம். அரிசி மூட்டை, பழைய துணி, கிறிஸ்துமஸ் விருந்து. குறை சொல்லவில்லை, நல்ல காரியங்கள்தான். ஆனால் பார்ப்பதில்லை. ஐரின் பார்த்தார். 1991இல் 'தெனாகானித்தா' அமைப்பைத் தொடங்கினார். வெளிநாட்டுத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசினார். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் இருந்துவிட்டு வந்தவர்கள் சொன்னதை எழுதி வைத்தார். போதிய உணவு இல்லை, அடி, நோய், மரணம். 1995இல் இதையெல்லாம் ஓர் அறிக்கையாக வெளியிட்டார்.

1996இல் அவரைக் கைது செய்தார்கள். உள்நோக்கத்தோடு பொய்ச் செய்தி வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2003இல் 12 மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் இருந்தார். 2005இல் சுவீடன் நாட்டின் 'ரைட் லைவ்லிஹுட்' விருது அவரைத் தேடி வந்தது. 2008இல்தான் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பிறருடைய கடப்பிதழுக்காகப் போராடிய அந்த அம்மாவின் கடப்பிதழே அந்தக் காலத்தில் நீதிமன்றத்தின் பிடியில் இருந்தது! 2014 மார்ச் 31ஆம் தேதி, 67 வயதில் காலமானார்.

ஐரின் அம்மாவைப் போல எல்லாரும் நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பார்த்ததை நம் வீட்டுக்குள் பார்க்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

நமக்கு இது புதிதும் அல்ல. 1941இல் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வோடு அவர்கள் கேட்ட இன்னொன்றைக் கவனியுங்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. நாதனை இந்தியாவுக்கே நாடு கடத்தினார்கள். ஆலயத்துக்குப் போய்வந்த கிராணிமாரும் தோட்டங்களில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சைக்கிள் ஒரு பிரச்சினையாகவே தெரிந்திருக்காது. இன்று கிராணி வீட்டுத் திண்ணையில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். சைக்கிளை விட்டு இறங்குகிறவள் சுமத்ராவிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ வந்தவள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டப்படியான அதிகாரமில்லாமல் இன்னொருவர் கடப்பிதழை வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். இந்தோனேசியப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, கடப்பிதழ் அவர்கள் கையிலேயே என்று 2011இல் இரு நாட்டு அரசுகளும் ஒப்புக்கொண்டன. 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் சொக்சோ கட்ட வேண்டும். ஆனால் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்குப் பொருந்தாது. அப்படியானால் அவளுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் நாம்தான் தீர்மானிக்கிறோம். அந்த இடத்தில் முகவர் சொன்ன தொகையைப் பார்க்கிறோமா, லேவியராகமத்தைப் பார்க்கிறோமா?

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். "கடப்பிதழைக் கொடுத்துவிட்டால் ஓடிப்போய்விடுவாளே!" இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஒரு பணிப்பெண்ணை வரவழைக்க ஆயிரக்கணக்கில் வெள்ளி ஆகிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு, படுக்கையில் வயதான தாயார். கடன் வாங்கித்தான் முகவருக்குக் கட்டியிருப்பார்கள். ஒரு நாள் காலையில் எழுந்தால் ஆள் இல்லை என்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? பயம் நியாயமானது.

ஆனாலும் பாருங்கள், ஓடிப்போன வேலைக்காரனைப் பற்றி வேதத்தில் ஒரு கடிதமே இருக்கிறது. பிலேமோன் நிருபம். 25 வசனங்கள்தான், ஒரே பக்கம். பிலேமோன் சபைக்காரர்; அவர் வீட்டிலேயே சபை கூடியது. அந்த வீட்டை விட்டுப் போய்விட்ட அடிமை ஒநேசிமு. பவுல் அவனைத் திருப்பி அனுப்பும்போது, இவனை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதுகிறார். நஷ்டம் ஏதும் இருந்தால் என் கணக்கில் எழுது, நான் தருகிறேன் என்றும் எழுதுகிறார். நஷ்டம் இல்லை என்று பவுல் சாதிக்கவில்லை. அதை ஏற்க ஆள் இருக்கிறது என்கிறார்.

அந்த ஆளாகச் சபை ஏன் இருக்கக்கூடாது? ஆலயத்துக்குக் குளிர்சாதனம் போடப் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு, பணிப்பெண் பாதியில் போய்விட்ட ஏழைக் குடும்பத்துக்குக் கைகொடுக்க ஒரு சிறு நிதி சேர்க்க முடியாதா? படுக்கையில் கிடக்கும் பாட்டியை ஞாயிறு மத்தியானம் மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள, முறை வைத்து இரண்டு பேர் வர முடியாதா? அப்படி வந்தால்தானே அந்தப் பெண்ணுக்கு விடுமுறை கொடுக்க முடியும்! ஒரு வீடு தனியாக இருந்து இதைச் செய்ய முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தானே சபை என்று ஒன்று இருக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். நம் வீடுகளில் பலவற்றில் பண்டிகைக்குப் பன்றி இறைச்சி சமைப்போம். சட்டியைக் கழுவுவது யார்? முஸ்லிம் பெண். வேலைக்கு வந்த இடத்தில் வாய் திறக்க மாட்டாள். நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் அயலானை நேசி என்று படித்துவிட்டு வந்த பிள்ளைகள். அந்தச் சட்டியை மட்டும் நாமே கழுவினால் பத்து நிமிடம் ஆகும். நோன்பு மாதத்தில் அவள் விடியுமுன் சாப்பிட எழுந்தால் அடுப்படி விளக்கு எரிகிறதே என்று முணுமுணுக்காமல் இருக்கலாம். இதற்கெல்லாம் போதகரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று கை காட்டுகிறார்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் யார் யார் அந்த அலமாரியைத் திறக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. கடப்பிதழை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் ஒன்றைப் பாருங்கள். முதல் பக்கத்தில் அவளுடைய முழுப் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும்.