அனுப்பும் முன் கேட்டார்



ஏதேன் தோட்டத்தில் நடந்ததெல்லாம் இறைவனுக்குத் தெரியும். ஆனாலும் தீர்ப்புச் சொல்லுமுன் ஆதாமைக் கூப்பிட்டுக் கேட்டார், ஏவாளிடமும் கேட்டார். 1723-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பென்ட்லி என்ற அறிஞரை விசாரிக்காமலே அவருடைய பட்டங்களைப் பறித்த வழக்கில், நீதிபதி எடுத்துக்காட்டியது இந்த நிகழ்ச்சியைத்தான். பட்டங்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தன.

வேலைநீக்கத்துக்கும் நம் நாட்டில் இதுவே நெறி. குற்றம் என்ன என்று எழுத்தில் தர வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். விசாரித்த பிறகே முடிவு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழக அரசு ஊழியர்கள் விசாரணையின்றி நீக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே பெரும்பாலோர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள்.

நம் அயோத்தியாப்பட்டணத்தில் சேகோ ஆலையிலும் தறிக்கூடத்திலும் உழைப்போரும் நாமே. ஆள் வைத்து வேலை வாங்குவோரும் நாமே. வீட்டில் ஒரு மோதிரம் காணோம் என்றால், வேலைக்கு வரும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறோம். மோதிரம் பிறகு கிடைத்துவிடலாம். ஊரில் கெட்ட அவர் பெயர்?

குற்றமே இல்லாமல், தொழில் குறைந்து ஆளைக் குறைக்க நேர்ந்தால், ஓராண்டு உழைத்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தரச் சொல்கிறது சட்டம். தவறு செய்த ஆதாம் ஏவாளையே இறைவன் தோலாடை உடுத்தித்தான் வெளியே அனுப்பினார். தவறு செய்யாதவரை நாம் வெறுங்கையோடு அனுப்பலாமா?

கேட்கும் செவியை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.