எங்கம்மா நின்னாங்க

(குன்னத்தூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



உள்ளாட்சித் தேர்தல்னு சொன்னதும், "நமக்கெதுக்கு அரசியல், நம்ம வீட்ல யாரு நின்னாங்க?" என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். நம்ம கோவைச் சீமையில் நின்று ஜெயித்த பார்வதி கிருஷ்ணனைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம்.

அவருடைய அப்பா சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அம்மா ராதாபாய் 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் பெண்களின் ஓட்டுரிமைக்காகப் பேசியவர். 1938-இல் அன்றைய டெல்லி சபைக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த மகள், அப்பாவின் காங்கிரஸுக்குப் போகவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து தொழிலாளர் சங்கங்களில் பாடுபட்டார். 1957, 1974, 1977 என மூன்று முறை கோவை எம்.பி. ஆனார். கட்சி வேறானாலும், சபையில் எழுந்து பேசும் துணிவு அம்மா வீட்டுச் சீதனம்தான்.

"அது மந்திரி வீடு. நாம பனியன் கம்பெனிக்குப் போறவங்களாச்சே" என்கிறீர்களா? குழுக் கணக்கு எழுதுற, பேங்க் மேனேஜர்கிட்ட கடன் கேட்டுப் பேசுற அம்மாவை நம்ம பிள்ளைங்க தினமும் பார்க்குதுங்க. அதுவும் பாடந்தான்.

2016-இல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. ஆனால் பேருக்கு நாம் ஜெயித்து, நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் பிள்ளைங்க என்ன கத்துக்கும்?

அடுத்த தேர்தலில் நம்மில் ஒருத்தராவது நிற்போம். ஜெயித்தால் பேச்சும் கையெழுத்தும் நம்முடையதாகவே இருக்கட்டும். "எங்கம்மா நின்னாங்க" என்று நம் மகள்கள் சொல்லட்டும்.