திரைக்குப் பின்னே செல்லும் சொல்

(சங்கத்தின் ஆண்டுவிழாவையொட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாடகம் முடிந்து திரை விழும்போது சபையோர் கைதட்டுகின்றனர். அக்கைதட்டலில் நடிகருக்கு ஒரு பங்கு உண்டு. பாடினவருக்கு ஒரு பங்கு உண்டு. எழுதியவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் இருட்டில் நின்று திரையை இழுத்தவனையும், குறித்த கணத்தில் விளக்கை மங்கச் செய்தவனையும், இடியோசையைத் தக்க சமயத்தில் எழுப்பியவனையும் எவரும் நினைப்பதில்லை. இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவர்களைப் பற்றியது. அவர்கள் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்கின்றனர், எவ்வாறு பேசிக்கொள்ள வேண்டும், அதற்கு இக்காலத்தில் வந்திருக்கும் 'இன்ரர்கொம்' என்னும் சாதனம் எவ்வளவு தூரம் உதவும் என்பவற்றை ஆராய்வோம்.

இது நமக்குப் புதிதான விஷயமன்று. கலியாணப் பந்தலை நினைத்துப் பாருங்கள். தாலி ஏறும் கணத்தில் மேளம் முழங்க வேண்டும். முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது. பெரியவர் ஒருவர் கையை உயர்த்திக் 'கெட்டிமேளம்' என்று குரல் கொடுக்கிறார். தவில்காரரோ அதற்கு முன்பே கண்ணை அவர்மேல் வைத்து ஆயத்தமாக இருக்கிறார். முதலில் ஆயத்தம், பின்னர் ஒரு சொல், உடனே செயல். அரங்கத் தொழில் முழுவதும் இம்மூன்றினுள் அடங்கிவிடுகிறது.

தேர்த் திருவிழாவையும் நினையுங்கள். வடம் பிடிப்போர் முன்னே நிற்கின்றனர். சில்லுக்குக் கட்டை போடுவோர் கீழே நிற்கின்றனர். ஒருவரை ஒருவர் காண முடியாது. இடையிலே சைகை தவறினால் நேர்வது தாமதம் மட்டுமன்று, உயிர்ச்சேதம். மேடையிலும் அப்படியே. மேலே பாரமான சட்டம் தொங்குகிறது. கீழே ஒரு சிறுமி நடனமாடுகிறாள். சட்டத்தை இறக்கும் கயிறு இன்னொருவன் கையில் இருக்கிறது. அவன் காதுக்கு எட்டும் சொல் தெளிவாக இருக்கவேண்டுமென்பது கலையழகு பற்றிய விஷயம் மட்டுமா? அது அச்சிறுமியின் தலையைப் பற்றிய விஷயமும் அல்லவா?

மேனாட்டு அரங்குகளில் முற்காலத்திலே கயிறு இழுப்போர் சீழ்க்கையால் அடையாளம் கொடுத்தனர் என்றும், அதனாலேயே மேடையில் சீழ்க்கை அடிப்பது ஆகாதென்ற நம்பிக்கை அங்கு வேரூன்றியது என்றும் சொல்லுவர். பின்னர் மின்விளக்கு அடையாளம் வந்தது. சிவப்பு எரிந்தால் ஆயத்தம். பச்சை எரிந்தால் செயல். இம்முறை இன்றும் பல அரங்குகளில் உண்டு. விளக்கு ஒருபோதும் வளவளவென்று பேசாது. அதுவே அதன் சிறப்பு.

1968 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பொப் கோஹன், சார்லி பட்டன் என்னும் இருவர் கிளியர்கொம் என்ற கம்பனியைத் தொடங்கினர். ரொக் இசைக் கச்சேரிகளின் பேரிரைச்சலிடையே தொழிலாளர் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க வழி தேடியதன் பயன் அது. இடுப்பில் ஒரு சிறு பெட்டி, தலையில் காதையும் வாயையும் பொருந்தும் ஹெட்செற், இவற்றை இணைக்கும் ஒரு கேபிள், அவ்வளவே. பெட்டிக்கு வேண்டிய சுமார் 30 வோல்ற் மின்சாரமும் மனிதரின் குரலும் அதே கேபிளில் சென்றன. ஒருவர் பேசினால் அந்தக் கம்பியில் உள்ள அனைவரும் கேட்பர். இதனைப் பொதுக்கம்பி முறை எனலாம்.

இம்முறை எளியது, உறுதியானது. இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ஆயினும் குறைகள் உண்டு. ஒளியமைப்பாளருக்கு உரிய சொல்லை ஒலியமைப்பாளரும் கேட்டுத்தீர வேண்டும். மின்சாரக் கம்பி அருகே சென்றால் ஓயாத இரைச்சல் சேரும். ஓரிடத்தில் கம்பி பழுதாகி ஒன்றையொன்று தொட்டால் அக்கம்பியிலுள்ள அனைவரும் ஊமையாவர்.

இக்குறைகளை நீக்க வந்ததே கணினி நெற்வேர்க்கில் இயங்கும் இன்ரர்கொம். இதில் குரல் எண்களாக மாற்றப்படுகிறது. விநாடிக்கு 48,000 முறை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிற் கொண்ட எண்ணாக எழுதினால், ஒருவர் குரலுக்கு விநாடிக்கு 1,152,000 பிற் ஆகும். பெருந்தொகை போலத் தோன்றினும், இன்று சாதாரணமாகக் கிடைக்கும் நெற்வேர்க் கேபிள் ஒன்று விநாடிக்கு நூறு கோடி பிற் கொண்டுசெல்ல வல்லது. ஆகவே ஒரே கேபிளில் பல நூறு குரல்கள் ஒன்றோடொன்று கலவாமல் செல்லலாம். 2003 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நியமத்தின்படி கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பலாம். செப்புக் கேபிளின் ஒரு நீட்டம் 100 மீற்றரைத் தாண்டலாகாது. அதற்கு அப்பால் கண்ணாடி இழைக் கேபிள் வேண்டும். 2006 இல் தொடங்கிய அவுஸ்திரேலியக் கம்பனியாகிய ஓடினேற் உருவாக்கிய டான்ரே என்ற முறையும், வெவ்வேறு கம்பனிகளின் சாதனங்கள் ஒலியைப் பரிமாறிக்கொள்ள 2013 இல் வெளிவந்த நியமமும் இத்துறையை மிகவும் விரிவாக்கின.

இதன் பெரும்பயன் குரலைப் பிரித்து வழங்குதல். ஒளியமைப்பாளர் ஒரு குழு, ஒலியமைப்பாளர் ஒரு குழு, படப்பிடிப்பாளர் ஒரு குழு. மேடை முகாமையாளர் அனைத்தையும் கேட்பார், வேண்டியவரோடு மட்டும் பேசுவார். யார் யாரைக் கேட்பது, எந்தப் பொத்தானை அழுத்தினால் யாரோடு பேசுவது என்பதையெல்லாம் கம்பியை மாற்றாமல் கணினியில் எழுதிவைத்து மாற்றலாம்.

குரலைப் பிரித்து வழங்கும் ஒழுங்கு எவ்வளவு பெருங்காரியத்தைத் தாங்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1969 ஆம் ஆண்டு யூலை 20 ஆம் திகதி ஆம்ஸ்ற்றோங், ஓல்ட்றின் இருவரும் சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவர்களின் கணினி 1202 என்னும் அபாய அறிவிப்பைக் காட்டிற்று. இறங்குவதா, திரும்புவதா? ஹூஸ்ரன் நகரிலே பின்னறை ஒன்றிலிருந்த 24 வயதுடைய ஜாக் கார்மன், அவ்வறிவிப்பின் பொருளைத் தாம் எழுதிவைத்திருந்த குறிப்பிலே கண்டு, இறங்கலாம் என்று தமது கம்பியில் சொன்னார். முன்னறையிலிருந்த 26 வயதுடைய ஸ்ரீவ் பேல்ஸ் அதனைத் தலைமை அதிகாரியாகிய ஜீன் கிரான்ஸ் கேட்கும் கம்பியில் உரைத்தார். சார்லி டியூக் விண்கலத்துக்கு அறிவித்தார். நிமிடமொன்று கழியுமுன் எல்லாம் நடந்தேறியது. அக்காலத்தில் இன்றைய நெற்வேர்க் கருவிகள் இல்லை. இருந்தவை ஹெட்செற்றும், யார் யாரோடு பேசுவது என்ற ஒழுங்கும், முன்னதாகச் செய்த பயிற்சியுமே. பேசியோர் இருவரும் நம் சங்க வாலிபரின் வயதினர் என்பதையும் நினைவிற் கொள்க.

இனிக் கம்பியில்லாக் கருவிகளைப் பற்றிச் சில சொல்லுவோம். மேடையில் ஓடித்திரிபவருக்கு இவை பேருதவி. ஜெர்மனியின் றீடெல் கம்பனி 2017 இல் வெளியிட்ட பொலெறோ போன்ற பல கருவிகள், வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசிக்காக ஏற்பட்ட டெக்ற் என்னும் முறையைத் தழுவியவை. இம்முறைக்கு ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகாஹேற்ஸ் வரையும், அமெரிக்காவில் 1920 முதல் 1930 வரையும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரு நாட்டுக்கெனச் செய்த கருவியை இன்னொரு நாட்டில் இயக்குவது சட்டத்துக்கு மாறாகலாம். வெளிநாட்டிலுள்ள நம்மவர் அன்புடன் அனுப்ப முன்வந்தாலும், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் விசாரித்த பின்னரே வரவழைத்தல் முறை.

இச்சாதனங்களுக்கும் குறைகள் உண்டு. குரலை எண்ணாக்கி, கட்டுகளாகப் பிரித்து அனுப்பி, மீண்டும் குரலாக்கச் சிறிது நேரம் செல்லும். நல்ல கேபிள் நெற்வேர்க்கில் அது ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கே. கைத்தொலைபேசியை வைஃபையில் இணைத்து இன்ரர்கொம் ஆக்கும்போது அது மிகலாம். தன் குரலே பிந்தித் தன் காதில் விழுந்தால் எவருடைய நாவும் தடுமாறும். ஆகையால் சபையோர் பயன்படுத்தும் வைஃபையில் இன்ரர்கொம்மை ஓடவிடலாகாது. அதற்கெனத் தனி நெற்வேர்க் வேண்டும். மின்சாரம் நின்றால் கேபிள்களை இணைக்கும் பெட்டியும் நிற்கும். அது நின்றால், இடுப்பிலுள்ள கருவிகளில் பற்றரி இருந்தும் பயனில்லை. எனவே அப்பெட்டிக்கு மாற்று மின்வசதி முதலில் வேண்டும்.

செவியையும் பேணுதல் கடன். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட நியமம் கேளிக்கை அரங்குகளில் ஒலியின் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்கிறது. சுற்றுச் சத்தம் மிகுமிடத்தில் இரு காதையும் மூடும் ஹெட்செற்றை அணிந்தால், குரலின் அளவைக் கூட்டாமலே கேட்கலாம். சபையின் ஒலியையும் கேட்டாகவேண்டியவர் ஒரு காதுக் கருவியை அணிக.

இவ்வளவும் கருவி. இனிச் சொல். ஆங்கில அரங்குகளில் 'ஸ்ராண்ட்பை' என்பது ஆயத்தச் சொல். 'கோ' என்பது செயற்சொல். செயற்சொல்லை வேறெந்தச் சந்தர்ப்பத்திலும் உச்சரிப்பதில்லை. தமிழில் நாம் எச்சொல்லைக் கொள்வது? 'போ' என்று கொண்டால், 'போதும்' என்று ஒருவர் தொடங்கும்போதே விளக்கு அணைந்துவிடும். 'விடு' என்று கொண்டால் 'விடாதே' என்பதன் முற்பாதியிலேயே கயிறு கைநழுவும். 'இழு', 'இழுக்காதே' என்பதும் அவ்வாறே. நமது மொழியில் மறுப்பு வினையின் கடைசியில் வருகிறது. ஏவலின் முதலெழுத்தைக் கேட்டுச் செயற்படுபவன் மறுப்பைக் கேட்குமுன் செய்துமுடிப்பான். ஆதலால் வினைச்சொல் எதுவும் செயற்சொல்லாகத் தகாது.

நமது கருத்து இது. ஆயத்தச் சொல்லாக 'ஆயத்தம்' என்பதே போதும். கேட்டவர் தம் பகுதியின் பெயரோடு அதனைத் திருப்பிச் சொல்லவேண்டும்: 'ஒளி ஆயத்தம்', 'திரை ஆயத்தம்.' செயலுக்குக் 'கோ' என்பதையே வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தமிழில் மறுப்பு வடிவம் இல்லை. ஆனால் காட்சி நடக்கும்போது எவரும் கோயிலைப் பற்றியும் கோபத்தைப் பற்றியும் அக்கம்பியில் பேசலாகாது! ஆபத்துக் காணும் எவரும், அவர் கடைசித் தொண்டனாயினும், 'நில்' என்று சொல்லலாம். கேட்ட அனைவரும் உடனே நிற்கவேண்டும். ஏன் என்ற கேள்வி பின்னர். இதனை ஒத்திகையின் முதல் நாளிலேயே எழுதி ஒட்டிவிடுக.

பெரியோர்களே, விலையுயர்ந்த சாதனத்தை உடனே வாங்கித் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. இரு கம்பியும் நான்கு ஹெட்செற்றும் கொண்ட பழைய முறை நமது மண்டபத்துக்கு இன்று போதும். வருங்காலத்தில் மேடையைத் திருத்தும்போது சுவர்களினூடே நெற்வேர்க் கேபிள் போவதற்குக் குழாய் வைத்துவிடுங்கள். அச்செலவு சிறிது, பயன் பெரிது. ஆனால் இருட்டில் நிற்கும் பிள்ளைகளைப் பயிற்சியின்றி நிறுத்தலாகாது என்பதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாயிருக்க வேண்டுகிறோம்.

வாலிப நண்பர்களே, ஹெட்செற்றை அணிந்தவன் கதை பேச அதை அணியவில்லை. அவன் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொருவனின் கவனத்தை எடுத்துக்கொள்கிறான். ஆகவே குறைவாகப் பேசுக, தெளிவாகப் பேசுக, கேட்டதைத் திருப்பிச் சொல்லுக. கம்பியில் செல்வதாயினும் காற்றில் செல்வதாயினும், அச்சொல்லை நம்பித்தான் மேடையில் ஒருவர் கண்ணை மூடி ஆடுகிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் உரியவராவோமாக.